மூட்டுவலிக்கு யார் சொன்ன மருந்து?

கொல்லிமலையில் ஒரு வேடிக்கை உண்டு. முழங்கால் வலிக்கு மருந்து தேடி வருகிறவர்கள் காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அறப்பளீசுவரர் கோயில் வரை வந்து சேருகிறார்கள். அங்கே சுடச்சுட ஒரு தம்ளர் சூப் குடிக்கிறார்கள். குடித்த தெம்பில், "வந்தது வந்தோம், ஆகாய கங்கையையும் பார்த்துவிட்டுப் போவோமே" என்று அருவிக்கு இறங்குகிறார்கள். இறங்க ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். திரும்பி ஏறுவதற்கும் அதே படிகள்தாம்! ஏறி முடித்ததும் முழங்கால் என்ன சொல்லும்? மறுபடியும் சூப் கடைக்கே வந்து உட்காருகிறார்கள்.

அந்த சூப்பின் பெயர் முடவாட்டுக்கால் சூப். ஆட்டுக்கால் என்றதும் சைவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இது சுத்த சைவம். மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்குதான் இது. மேலெல்லாம் பழுப்பு நிறத்தில் ரோமம் அடர்ந்து, பார்ப்பதற்கு அசல் ஆட்டுக்காலைப் போலவே இருக்கும். முடவனையும் எழுந்து காலை ஆட்ட வைக்கும், அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்வாரும் உண்டு. ரோமத்தையும் தோலையும் சுரண்டி எடுத்துவிட்டு, துண்டு போட்டு இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். மலைக் குளிருக்கு அது தேவாமிர்தம். இதைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது.

இரண்டு கருத்து மட்டுமல்ல, இருபது கருத்து இருப்பதெல்லாம் அது வலியைத் தீர்க்குமா என்பதைப் பற்றித்தான்.

கடை வாசலில் ஐந்து வைத்தியம்

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தகைய ஒரு கடை வாசலில் நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்க, உங்களுக்கும் முட்டிங்களா?"

"ஆமாங்க. ரெண்டு வருசமாச்சு."

"எனக்கு அஞ்சு வருசமுங்க. போன வருசம் ஒரு மண்டலம் விடாம இதைக் குடிச்சேன். இப்போ பாருங்க!" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து எழுந்து காட்டினார். கூட்டம் அசந்துபோய்விட்டது.

உடனே ஓர் அம்மாள், தன் நாத்தனாருக்குக் கிழங்கு கேட்கவில்லை, பிரண்டைத் துவையல்தான் கேட்டது என்றார். இன்னொருவர் முடக்கத்தான் கீரையைச் சொன்னார். மற்றொருவர் வாதநாராயணன் இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். டிரைவர் ஒருவர், விளக்கெண்ணெயும் வேப்பெண்ணெயும் கலந்து தேய்த்தால் போதும் என்று முடித்துவைத்தார். கால் மணி நேரத்தில் ஐந்து வைத்தியம்! யாரும் யாரிடமும் காலணா கேட்கவில்லை. எல்லோரும் நல்ல மனத்தோடு சொன்னவர்கள்தாம். ஆனாலும் பாருங்கள், அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த இரண்டு வருஷ வலிக்காரரைப் பார்த்து, "வலி எப்படி வந்தது?" என்று கேட்கவில்லை.

கேட்டவர் கடைக்காரப் பாட்டி ஒருவர்தான். அதுவும் அவரிடம் அல்ல. நடுத்தர வயதுள்ள ஒரு பெண்மணி கிழங்கு இரண்டு கிலோ வேண்டுமென்று கேட்டார். பாட்டி தராசை எடுக்காமல் விசாரணையைத் தொடங்கினார்.

"வலி காலையிலயா, சாயங்காலமா அம்மிணி?"

"காலையிலதான் ஆயா. எந்திரிச்சதும் விரல் மடங்கவே மாட்டேங்குது. வெயில் ஏறுனாத்தான் கொஞ்சம் சரியாகும்."

"விரல்லயுமா? கையைக் காட்டு பாக்கலாம்."

இரண்டு கையிலும் விரல் மொட்டுகள் ஒன்றுபோல வீங்கியிருந்தன. பாட்டி கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது கெழங்குக்கு அடங்கற வலி இல்ல கண்ணு. எங்கக்காளுக்கு இப்படித்தான் வந்துச்சு. கெழங்கு, எண்ணெ எல்லாம் பாத்தோம். விரல் கோணிப்போச்சு. அதுக்கப்புறந்தான் கீழ ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நீ போய்ப் பெரிய டாக்டருகிட்டக் காட்டு. சூப்பு வேணும்னா குடி, ருசிக்கு!"

இரண்டு கிலோ வியாபாரம் போயிற்று. பாட்டிக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

பாட்டி கேட்ட கேள்வியை எந்த மூட்டு வைத்திய நிபுணரும் முதலில் கேட்பார். வயதினாலும் உடல் பாரத்தினாலும் மூட்டு தேய்ந்து வருகிற வலி, நடக்க நடக்க மிகும், ஓய்வெடுத்தால் தணியும். முடக்குவாதம் என்கிற சரவாங்கி அப்படியல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பின் மூட்டுகளைத் தாக்குகிற வியாதி அது. காலையில் விறைப்பு, இரு கைகளிலும் ஒரே மாதிரி வீக்கம், சின்ன மூட்டுகளில் வலி. இதற்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் ஆரம்ப மாதங்களிலேயே தொடங்கினால்தான் மூட்டு கோணாமல் காப்பாற்ற முடியும். கோணிய விரலை எந்த மருந்தும் நிமிர்த்தாது. திடீரென்று ராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து நெருப்பாய் எரிந்தால் அது வேறு. ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து வருவது. ஜுரத்தோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் வீங்கிக் கொதித்தால் அது இன்னும் வேறு. உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது. "மூட்டுவலி" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இத்தனை வியாதிகள் குடியிருக்கின்றன.

சித்தர்கள் பெயர் சொன்னால் போதும்

கொல்லிமலைக்கு இந்தப் பெயர் நேற்று வந்ததல்ல. வல்வில் ஓரி ஆண்ட மலை. பார்த்தவரை மயக்கிக் கொல்லும் கொல்லிப் பாவை இருந்ததாகச் சங்கப் புலவர்கள் பாடிய மலை. கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று இன்றும் காட்டுகிறார்கள். சித்தர்கள் உலாவிய இடத்தில் முளைத்த புல்லும் மருந்து என்று கீழ்நாட்டு ஜனங்கள் நம்புவதில் ஆச்சரியமில்லை. "கொல்லிமலை மூலிகை" என்று எழுதி ஒட்டிவிட்டால் சேலத்திலும் சென்னையிலும் பொட்டலம் தானாக விலை போகிறது. உள்ளே இருப்பது எந்த மலையில் முளைத்தது என்று யார் பார்த்தார்கள்?

மலைமேல் வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்வதால் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த வம்சம் என்று தங்கள் பூர்விகத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மிளகும் காப்பியும் வாழையும் பலாவும் சாமையும் விளைவித்து வாழ்கிறவர்கள். இன்று செம்மேட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. கீழே போக பஸ் இருக்கிறது. பாதை வருவதற்கு முன் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டுதான் மலையிறங்க வேண்டும். அந்த நாளில் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் கண்ணெதிரே இருந்த செடிகளைத் தவிர வேறு என்ன கதி?

ஆகவே செடியை அறிந்தவர்கள் ஊருக்கு இரண்டொருவர் இருந்தார்கள். அவர்கள் கொடுத்த யோசனைக்கு ஒரு காவல் இருந்தது. மருந்து சொன்னவரும் சாப்பிட்டவரும் ஒரே ஊர். குணமாகாவிட்டால் அடுத்த வாரம் சோளக்காட்டுச் சந்தையில் முகத்துக்கு நேரே வந்து நிற்பார். செத்துப்போனால் சாவு வீட்டுக்குப் போயாக வேண்டும். தன் மருந்து எங்கே பலிக்கவில்லை என்பதை வைத்தியர் தெரிந்துகொள்ளாமல் தப்பிக்க முடியாது. பாட்டி கிழங்கை விற்க மறுத்தது ஏட்டில் படித்ததனால் அல்ல. கோணிய விரலை வீட்டிலேயே பார்த்ததனால்.

ஈரோட்டுப் பெரியவருக்கு அந்தக் காவல் இல்லை. அவர் சொல்லைக் கேட்டு நாற்பத்தெட்டு நாள் சூப் குடித்து, ஒன்றும் நடக்காமல் போனவர் திரும்ப மலையேறி வந்து, "ஐயா, எனக்குப் பலிக்கவில்லை" என்று சொல்லப் போவதில்லை. அவர் வீட்டோடு இருந்துவிடுவார். பலித்தவர்கள்தாம் மறுவருஷமும் வந்து கடை வாசலில் உட்கார்ந்து எழுந்து காட்டுவார்கள். வரிசையில் நிற்கிறவர் கண்ணுக்கு எல்லோருக்கும் பலித்தது போலவே தெரியும்!

கிழங்குக்கு உள்ளது எவ்வளவு?

அப்படியானால் முடவாட்டுக்கால் வெறும் மாயையா? அப்படியும் சொல்வதற்கில்லை. இந்தக் கிழங்கின் சாரம் எலிகளுக்கு வீக்கத்தையும் வலியையும் குறைத்ததாக ஆராய்ச்சிக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் எலிக்கும் மனிதனுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. சாரம் வேறு, சூப் வேறு. நூற்றுக்கணக்கான மனிதர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சிக்குக் கிழங்கையும் மற்றதற்கு வேறு எதையோ கொடுத்துப் பார்த்துத்தான் ஒரு மருந்தை மருந்து என்று தீர்ப்புச் சொல்ல முடியும்.

ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்கலாம். 2006-ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். சிக்குன்குனியா தமிழ்நாட்டை ஆட்டிவைத்தது. வீட்டுக்கு வீடு கூனிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பெயரே கிழக்கு ஆப்பிரிக்காவில் மகொண்டே பாஷையில் "வளைந்துபோவது" என்ற பொருளில் வந்ததுதான். ஜுரம் சில நாளில் போய்விட்டாலும் மூட்டுவலி வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நின்றது. பிறகு பெரும்பாலோருக்குத் தானாகவே விலகியது. விலகுகிற சமயத்தில் யார் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ அதற்குக் கீர்த்தி கிடைத்தது! தேய்மான வலியும் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் மருந்து தேடி மலையேறுகிறான். உச்சத்திலிருந்து இறங்குவதற்குக் கிழங்கு வேண்டுமா, நாள் போனால் போதுமா என்பதை ஒருவர் தம் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

சூப்பில் ஆபத்து அதிகமில்லை என்றே வைத்துக்கொள்வோம். மிளகு ரசம் குடித்துக் கெட்டவன் யார்? ஆபத்து வருவது வேறு வழியில். சூப்பை நம்பி ஆறு மாதம் டாக்டரைப் பார்க்காமல் இருப்பது ஒன்று. சூப்புக்குப் பக்கத்தில் பேரில்லாத பொட்டலத்தில் விற்கும் "மூட்டுவலிப் பொடி" இன்னொன்று. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துபோகிறதா? சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூலிகைப் பொடி என்ற பெயரில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்து விற்பது பல இடங்களில் பிடிபட்ட மோசடி. வலி உடனே அடங்கும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போகும். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே மோசம் வரலாம். நோய் தீரும் என்று பொய் விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் பக்கத்து ஸீட்டுக்காரர் வாயால் சொல்லும் விளம்பரத்தை எந்தச் சட்டம் தடுக்கும்?

பெயர் ஒன்று, செடி வேறு

மூட்டுவலிக்கு நிஜமாகவே மருந்து வைத்திருக்கிற கிழங்கு ஒன்று நம் நாட்டில் உண்டு. முடவாட்டுக்கால் அல்ல, செங்காந்தள்! கார்த்திகைக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று பல பெயர் அதற்கு. தமிழ்நாட்டின் மாநில மலர் அதன் பூதான். அதில் உள்ள கோல்சிசின் என்ற சத்தை யூரிக் அமில மூட்டுவலிக்கு டாக்டர்கள் கொடுக்கிறார்கள். எவ்வளவு கொடுக்கிறார்கள் தெரியுமா? ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம். கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்றவர்கள் சில மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு வாந்தியிலும் பேதியிலும் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழந்து இறந்திருக்கிறார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே ஒரு மயிரிழைதான். அந்த மயிரிழை எங்கே இருக்கிறது என்பதை "ஒரு துண்டு போட்டுக் குடியுங்கள்" என்கிற யோசனை சொல்லாது.

பெயர்க் குழப்பம் கிராமத்துக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில், பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில், 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் உடல் இளைக்கச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மூலிகைக்குப் பதிலாக, சீனப் பெயரில் அதை ஒத்த வேறொரு மூலிகை வந்து சேர்ந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. 1993-ல் டாக்டர்கள் விஷயத்தை வெளியிட்டார்கள். பின்னால் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. அந்த விஷச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும். ஆடுகூடத் தீண்டாது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்தார்கள் நம் முன்னோர்கள்! ஆனாலும் பாம்புக்கடி முதல் வயிற்றுவலி வரை அவற்றை அரைத்துக் கொடுக்கச் சொல்லும் யோசனைக்குப் பஞ்சமில்லை.

பாம்புக்கடி என்று வந்ததால் ஒரு வார்த்தை. அதற்கு எந்த இலையும் கிடையாது. கட்டுப் போடவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். விஷமுறிவு ஊசி அங்கே இருக்கிறது. அந்த ஊசியின் கதையே சுவாரஸ்யமானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திலிருந்து அது தயாராகிறது. விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? மகாபலிபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்! பழங்குடியினரின் பாம்பு ஞானம் பச்சிலையாக அல்ல, மருந்துப் புட்டியாக ஊருக்குத் திரும்பி வருகிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஒவ்வொரு பாம்புக்கடியையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆக்கிவிட்டது.

கிழவி சொன்ன மருந்து

வாய்மொழி வைத்தியத்தைப் பரிகசிக்கிறவர்களுக்கு இங்கிலாந்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1775-ல் வில்லியம் விதரிங் என்ற டாக்டரிடம் ஒரு குடும்ப ரகசிய மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி நீர்க்கோவை வியாதிக்குக் கொடுத்துவந்த கஷாயம் அது. டாக்டர்கள் கைவிட்ட சிலரும் அதனால் பிழைத்திருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட பச்சிலைகள் அதில் இருந்தன. வேலை செய்வது அவற்றில் ஒன்றுதான், அது டிஜிட்டாலிஸ் செடியின் இலை என்று விதரிங் கண்டுகொண்டார். ஆனால் அன்றே ஊரெல்லாம் பறைசாற்றவில்லை. பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குணமானவர்களை எழுதினார், குணமாகாதவர்களையும் எழுதினார், மிகுதியாகக் கொடுத்து வாந்தியெடுத்தவர்களையும் எழுதினார். 1785-ல்தான் புத்தகம் வந்தது. இருதய வைத்தியத்தில் அந்த இலையின் சத்து இன்றும் இருக்கிறது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1987-ல் அகத்தியமலையில் ஆராய்ச்சிக்குப் போனவர்கள், வழிகாட்டியாக வந்த காணிப் பழங்குடியினர் களைப்பே இல்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டே நடந்தார்கள். முதலில் சொல்ல மறுத்து, பிறகு செடியைக் காட்டினார்கள்: ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிலையத்தார் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்து, உரிமத் தொகையிலும் வருவாயிலும் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்கே கொடுத்தார்கள். யோசனை சொன்னவர்க்குப் பங்கு கொடுத்த அபூர்வம் இது. கொல்லிமலைக் கிழங்கு பட்டணத்துக் கடைகளில் அழகான டப்பாவில் பொடியாக விற்கிறது. அதை முதலில் சொல்லிக் கொடுத்த மலையாளிப் பாட்டிமாருக்கு அதில் என்ன பங்கு?

செல்போனில் வந்த பிரசவம்

முன்பெல்லாம் யோசனை பஸ்ஸில் இறங்கிற்று. இப்போது செல்போனில் நொடியில் இறங்குகிறது. கேட்டவர் யார், அவருக்குச் சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, கர்ப்பிணியா என்று எதுவும் தெரியாமல் ஆயிரம் பேருக்கு ஒரே மருந்து போய்ச் சேருகிறது. 2020 ஏப்ரலில், கொரோனா பயம் தலைக்கேறியிருந்தபோது, ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தில் இரண்டு குடும்பத்தார் ஊமத்தை விதையை அரைத்துக் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒரு சின்னப் படக்காட்சியைப் பார்த்து வந்த வினை. ஊமத்தைக்கும் அந்தக் கிருமிக்கும் உருவம் ஒத்திருக்கிறதாம், ஆகவே மருந்தாம்!

இதைக்கூடப் பயத்தின் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடலாம். 2018 ஜூலையில் திருப்பூரில் நடந்ததைத் தள்ள முடியாது. படக்காட்சிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்தினார்கள். குழந்தை பிறந்தது, ரத்தப்போக்கு நிற்கவில்லை, இளந்தாய் இறந்துபோனார். ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு தம்பதி அதே வழியில் பிரசவம் பார்த்துக்கொண்டது வெளியே வந்தது. வீட்டுப் பிரசவ அனுபவங்களைப் பரிமாறிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவர்கள் இருந்தார்கள். அதில் ஆயிரம் பேருக்கு மேல்! சுகாதார இலாகா போலீசில் புகார் கொடுத்தது.

அந்த ஆயிரம் பேரும் கெட்டவர்கள் அல்ல. கடை வாசல் பெரியவரைப் போல நல்லது நடந்த அனுபவத்தைச் சொன்னவர்கள். மலைமேல் அந்தக் காலத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு, ரத்தம் நிற்காமல் போன வீடுகள் எவை எவை என்று பெயரோடு நினைவிருக்கும். குழுவில் அந்த நினைவு இல்லை. இறந்தவள் வந்து அனுபவம் எழுதுவதில்லை.

கொல்லிமலைக்குப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. சூப்பையும் தடுக்கவில்லை. கிழங்கு வாங்கினால் முழுக் கிழங்காக வாங்குங்கள், பொடியாக வேண்டாம். முழுக் கிழங்கை அடையாளம் காட்டலாம்; பொடியை யார் அடையாளம் காண்பது? வீட்டில் தினமும் குடிக்கப்போவதாக இருந்தால், சர்க்கரைக்கோ ரத்தக் கொதிப்புக்கோ மருந்து கொடுக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திட்டுவாரே என்று மறைப்பவர்கள்தாம் அதிகம். டாக்டர்களும் "இந்தப் பச்சிலைப் பேச்செல்லாம் என்னிடம் வேண்டாம்" என்று வாயை அடைக்காமல், "என்ன சாப்பிடுகிறீர்கள்? கொண்டுவந்து காட்டுங்கள்" என்று கேட்டால் எத்தனையோ விஷயம் வெளியே வரும். சித்த வைத்தியமே பார்க்க வேண்டுமென்றால் படித்துப் பட்டம் பெற்ற சித்த டாக்டர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிலையம் இருக்கிறது. கடை வாசலைவிட அங்கே கேள்விகள் அதிகம் கேட்பார்கள்.

இன்னொன்று, கிழங்கைப் பற்றியே. முடவாட்டுக்காலைப் பெரும்பாலும் யாரும் பயிரிடுவதில்லை, காட்டிலிருந்துதான் வருகிறது. பாறையிலும் மரத்திலும் படர்ந்து வளரும் அந்தத் தண்டுக்கிழங்குதான் செடியின் உயிர். ஒரு பகுதியை அறுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டால் மறுபடி தழைக்கும். மொத்தமாகப் பெயர்த்தால் பாறை மொட்டையாகிவிடும். பாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். முன்பெல்லாம் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்ததாம். "இப்ப விடியறதுக்கு முந்தி போனாத்தான், வெயில் ஏறி வர்றப்ப ஒரு கூடை தேறுது" என்றார்.